குளிசை முன்னா, சோறு முன்னா? பார்க்கின்சன் உள்ள வீட்டின் சாப்பாட்டுக் கணக்கு

பார்க்கின்சன் உள்ள ஒருவர் விடிய ஆறு மணிக்குக் குளிசை போடுகிறார். ஏழு மணிக்குத் தானாக எழும்பிக் கிணற்றடிக்குப் போய் வருகிறார். மத்தியானம் விரால் மீன்குழம்பு, பருப்பு, சோறு. கடைசி வாய்ச் சோற்றோடு அடுத்த குளிசை. மூன்று மணிக்கு அவரைக் கதிரையிலிருந்து எழுப்ப இரண்டு பேர் வேண்டும். ‘இப்ப குளிசை வேலை செய்யுதில்லை’ என்று வீட்டில் பேச்சு வருகிறது. அடுத்த கிளினிக்கில் மருந்தைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள்.

நோய் கூடியிருக்கலாம், அளவு போதாமலும் இருக்கலாம். ஆனால் காலைக் குளிசை வேலை செய்து மத்தியானக் குளிசை மட்டும் கைவிடுகிறதென்றால், முதலில் பார்க்க வேண்டியது சாப்பாட்டுக் கோப்பையை. இரண்டும் ஒரே பெட்டிக் குளிசைதான். மத்தியானக் குளிசை மூளைக்குப் போய்ச் சேரவே இல்லை என்பதுதான் பல வீடுகளில் உண்மை.

ஒரே வாசல், இரண்டு கூட்டம்

நடுமூளையில் கருநிறமான ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள கலங்கள் டோபமின் என்ற பொருளைச் சுரக்கின்றன. நினைத்தவுடன் கை நீட்டவும் கால் எடுத்து வைக்கவும் அது வேண்டும். அந்தக் கலங்கள் மெல்ல மெல்ல அழிவதுதான் பார்க்கின்சன். நம் பக்கத்தில் நடுக்குவாதம் என்பார்கள். நடுக்கமே இல்லாமல் இறுக்கமும் மந்தமுமாக மட்டும் வருகிறவர்களும் உண்டு.

டோபமினை நேரே குளிசையாகக் கொடுத்துப் பயனில்லை. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை அது தாண்டாது. அதன் மூலப்பொருளான லெவோடோபா தாண்டும். 1957இல் சுவீடனைச் சேர்ந்த ஆர்விட் கார்ல்சன், ரெசர்பின் என்ற மருந்தால் முயல்களின் டோபமினை வற்றச் செய்தார். அவை அசையாமல் கிடந்தன. லெவோடோபாவை ஊசியால் ஏற்றியதும் எழும்பி ஓடின. 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. ரெசர்பின் என்ற பெயரை நினைவில் வைத்திருங்கள், கீழே மறுபடி வரும்.

இன்று கிளினிக்கில் கொடுப்பது லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த குளிசை. கார்பிடோபா ஒரு காவல்காரன். லெவோடோபா குடலிலும் இரத்தத்திலும் டோபமினாக மாறி வீணாகாமல், மூளைக்குப் போகும் வரை அதைக் காக்கிறது. பெட்டியில் 25/100 என்றிருந்தால் கார்பிடோபா 25 மில்லிகிராம், லெவோடோபா 100 மில்லிகிராம் என்று பொருள்.

சிக்கல் எங்கே என்றால், லெவோடோபா ஒரு அமினோ அமிலம். மீன், முட்டை, பருப்பு, பால் ஆகியவற்றின் புரதம் சமித்ததும் அமினோ அமிலங்களாகவே உடைகிறது. அவற்றில் லியூசின், வாலின், பீனைல்அலனின், டைரோசின் போன்ற சிலவற்றுக்கும் லெவோடோபாவுக்கும் சிறுகுடலில் ஒரே வாசல். மூளைத் தடுப்பிலும் அதே வாசல்தான். ஒரு துண்டு மீனிலிருந்து வருவது ஆயிரக்கணக்கான மில்லிகிராம் அமினோ அமிலம். குளிசையில் இருப்பதோ 100 மில்லிகிராம். திருவிழாக் கூட்டத்தில் ஒற்றை ஆளாக மாட்டினவன் கதைதான்.

இன்னொரு தடையும் உண்டு. லெவோடோபா இரைப்பையில் உறிஞ்சப்படுவதில்லை, சிறுகுடலின் மேற்பகுதிக்கு இறங்க வேண்டும். பார்க்கின்சனில் இரைப்பை இயல்பாகவே மெதுவாகத்தான் காலியாகும். எண்ணெயும் முதற்பாலும் நிறைந்த சாப்பாடு அதை மேலும் பிந்த வைக்கும். ‘இன்றைக்கு மரக்கறிதானே’ என்று வடை, அப்பளம், முதற்பால் விட்ட குழம்போடு குளிசை போட்டாலும் மருந்து பிந்துவது இதனால்தான்.

உறையில் எழுதியிருப்பதும் உடம்பு கேட்பதும்

வழக்கமான குளிசைக்கு விதி இது: சாப்பிடுவதற்கு 30 முதல் 60 நிமிடம் முன், வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் தண்ணீரோடு. அந்த நேரம் தவறிப் போனால் சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் கழித்து. பால் ரீயோடு வேண்டாம். இரண்டு மேசைக்கரண்டி பால்மாவில் ஏறக்குறைய 4 கிராம் புரதம் இருக்கிறது. பெரிய அளவில்லை, ஆனாலும் மருந்தோடு ஏன் போக வேண்டும்? பிளேன்ரீ பரவாயில்லை.

‘சாப்பாட்டுக்குப் பின் என்றுதானே உறையில் போட்டிருக்கு’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மருந்து தொடங்கும் முதல் கிழமைகளில் பலருக்குக் குமட்டல் வரும், அதனால் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வதுண்டு. குமட்டல் போன பிறகும் அந்த உறை வாசகம் ஆண்டுக்கணக்காக மாறாமல் தொடர்வதுதான் பிழை. குமட்டல் இருக்கும்போதும் முழுச் சாப்பாடு தேவையில்லை. இரண்டு மாரி பிஸ்கற் அல்லது அரைக் கதலி வாழைப்பழம் போதும், இவற்றில் புரதம் மிகக் குறைவு. எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதை அடுத்த கிளினிக்கில் கேட்டு, உறையிலேயே திருத்தி எழுதுவித்துக்கொள்ளுங்கள். மெதுவாகக் கரையும் வகைக் குளிசை என்றால் நேர விதி வேறுபடும். அதை இடித்துத் தூளாக்கவும் சப்பவும் கூடாது.

சத்தி எடுக்கிறது, தலை சுற்றுகிறது என்று பக்கத்து டிஸ்பென்சரிக்கு ஓடும்போது ஒரு கவனம் வேண்டும். மெட்டோகுளோப்ரமைட், புரோகுளோர்பெரசின் என்ற இரண்டும் வழக்கமாகக் கொடுக்கப்படும் சத்தி மருந்துகள். இரண்டுமே மூளையில் டோபமினின் வேலையைத் தடுக்கும். தலைச்சுற்றுக்குக் கொடுக்கும் சின்னரிசினும் நடுக்கத்தைக் கூட்டக்கூடியது. ‘பார்க்கின்சன் இருக்கிறது’ என்ற ஒரு வசனத்தை முதலில் சொல்லிவிட்டால் டொம்பெரிடோன் போன்ற மாற்று மருந்தைப் பற்றி வைத்தியர் யோசிப்பார். இருதய நோய் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

வன்னிக் கோப்பையில் புரதம் எங்கே இருக்கிறது

‘அப்ப மீன், முட்டை எல்லாம் நிற்பாட்டவா?’ இதைவிடத் தவறான முடிவு வேறில்லை. பார்க்கின்சன் உள்ளவர்கள் மெலிகிறார்கள். நடுக்கத்துக்கும் இறுக்கத்துக்கும் சக்தி செலவாகிறது. மணம் தெரியாததால் சாப்பாட்டில் ஆசை போகிறது. சாப்பிட்டு முடிக்கவும் நேரம் எடுக்கிறது. அதற்கு மேல் புரதத்தையும் வெட்டினால் தசை கரைந்து விழுகை கூடும். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.8 முதல் 1 கிராம் வரை புரதம் வேண்டும். 55 கிலோ எடை உள்ளவருக்கு 44 முதல் 55 கிராம். இந்த மொத்தத்தைக் குறைக்காமல், எந்த நேரத்துக்கு வைப்பது என்பதை மட்டும் மாற்றவேண்டும்.

கையிலுள்ள பொருட்களில் இதன் கணக்கு ஏறக்குறைய இப்படி. 100 கிராம் மீனில் 18 முதல் 20 கிராம். ஒரு முட்டையில் 6. அரைக் கப் கட்டியான பருப்புக் கறியில் 8. ஒரு கைப்பிடி கச்சானில், அதாவது 30 கிராமில், 7க்கு மேல். 50 கிராம் உழுத்தம்மாவில் களி கிண்டினால் 12. சோயாமீற் உலர்ந்த நிலையில் பாதிக்குப் பாதி புரதம், 30 கிராம் போட்டால் 15. ஒரு கப் சோற்றில் 4 முதல் 5. இடியப்பம், அரிசிமாப் பிட்டு, பூசணி, முருங்கைக்காய், கீரை எல்லாவற்றிலும் குறைவுதான்.

இதை வைத்துப் பார்த்தால் நம் காலைச் சாப்பாடு ஏற்கெனவே இந்த நோய்க்கு ஒத்துப்போகிறது. இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் சேர்ந்து 5 கிராமைப் பெரிதாகத் தாண்டாது. அதனால்தான் பல வீடுகளில் காலைக் குளிசை நன்றாக வேலை செய்கிறது. அதே வீட்டில் ஒரு நாள் உழுத்தங்களி, இன்னொரு நாள் அவித்த கௌபி, முட்டைக் கறியோடு பாண் என்றால் அந்தக் காலை இழுபடும். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் உழுந்தும் கச்சானும் வீட்டு வளவிலேயே விளைகிற பொருள். ‘சத்தான சாப்பாடு’ என்று அன்போடு காலையில் கொடுப்பதுதான் இங்கே எதிராகத் திரும்புகிறது. வயதானவர்களுக்கான ஊட்டப் பால்மாவும் அப்படித்தான். ஒரு கப்பில் 8, 9 கிராம் புரதம் இருக்கலாம். நல்ல பொருள், ஆனால் விடியக் குளிசையோடு கொடுக்கும் பொருளல்ல.

மத்தியானம்தான் பெரிய சாப்பாடு என்பது நம் வழக்கம். மாற்ற வேண்டியது அதைத்தான். மீனும் பருப்பும் தயிரும் இரவுக்குப் போகட்டும். மத்தியானம் சிவப்பரிசிச் சோறு, பூசணிக் கறி, முருங்கைக்காய், கீரை, ஒரு பழம். 55 கிலோ ஆளுக்கு ஒரு நாள் இப்படி அமையலாம். 6 மணிக்குக் குளிசை, 6.45க்கு இடியப்பமும் சொதியும். 10 மணிக்குப் பப்பாசி. 11.45க்குக் குளிசை, 12.30க்கு மரக்கறிச் சோறு. அதுவரைக்கும் 15 கிராம் புரதம் உள்ளே போயிருக்கும். 5.30க்குக் குளிசை. 7.30க்கு மீன் 100 கிராம், பருப்பு அரைக் கப், சோறு அல்லது பிட்டு, ஒரு சிறு கிண்ணம் எருமைத் தயிர். இதில் 37 கிராம் வந்துவிடும். மொத்தம் 52. மச்சம் சாப்பிடாதவர் என்றால் இரவில் உழுந்துத் தோசை, கட்டிப் பருப்பு, சோயாமீற், தயிர். படுக்கைக்குப் போகும்போதும் ஒரு குளிசை உண்டென்றால் இரவுச் சாப்பாட்டுக்கும் அதற்கும் இடையில் இரண்டு மணித்தியாலமாவது விடவேண்டும்.

இந்த மாற்றம் எல்லாருக்கும் தேவையில்லை. நோய் தொடங்கிய முதல் ஆண்டுகளில் குளிசையின் வேலை நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும், அப்போது வெறும் நேர இடைவெளியே போதும். அடுத்த குளிசைக்கு முன்பே இறுக்கம் திரும்பி வருகிறது, குளிசை ‘ஏறி இறங்குகிறது’ என்ற நிலை வந்த பிறகுதான் புரதத்தை இரவுக்கு நகர்த்துவதில் பொருள் உண்டு. அதற்கும் ஒரு விலை இருக்கிறது: சிலருக்கு இரவு இறுக்கம் கூடிப் படுக்கையில் புரளவே கஷ்டமாகும். வேறு சிலருக்குப் பகலில் மருந்து நன்றாக ஏறிக் கைகால் தானாக ஆடும் அசைவுகள் தோன்றும். இது மருந்து கூடியதன் அடையாளம், வைத்தியர் அளவைக் குறைக்க வேண்டிவரும். ஆகவே இரண்டு கிழமை சோதித்துப் பாருங்கள். ஒரு கொப்பியில் நான்கு நிரல் போடுங்கள்: குளிசை நேரம், சாப்பாட்டு நேரமும் கறியும், நன்றாக நடந்த நேரம், இறுகிப்போன நேரம். ‘வெள்ளிக்கிழமை நல்லாய் நடக்கிறார், ஞாயிற்றுக்கிழமைதான் இழுபடுறார்’ என்ற உண்மை இந்தக் கொப்பியில் தானாக வெளிவரும். வெள்ளி விரதச் சாப்பாடும் ஞாயிறு இறைச்சிக் கறியும் என்பது அப்போது விளங்கும்.

மாதம் ஒரு முறை எடை பார்த்து அதே கொப்பியில் எழுதுங்கள். ஒரு மாதத்தில் நூற்றுக்கு 5, ஆறு மாதத்தில் நூற்றுக்கு 10 குறைந்தால் புரதக் கணக்கை விட்டுவிட்டு முதலில் எடையைக் கவனிக்க வேண்டும்.

சிறுநீரக நோய் இருந்தால் இந்தப் பகுதி முழுவதும் மாறும். வவுனியாப் பக்கத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் உள்ள விவசாயக் குடும்பங்கள் பல. அவர்களுக்குப் புரதமும் பழத்தின் பொற்றாசியமும் வேறு கட்டுப்பாட்டுக்குள் வரும். தண்ணீர் அளவும் அந்தக் கட்டுப்பாட்டுக்குள்தான். இரண்டு கிளினிக் கொப்பியையும் ஒரே வைத்தியரிடம் காட்டாமல் எதையும் மாற்றக்கூடாது.

கிளினிக் நாள் வேறு கதை. புதுக்குடியிருப்பிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ யாழ்ப்பாணம் போகிறவர்கள் விடிய நான்கு மணிக்கே எழும்புவார்கள். பஸ்ஸில் சத்தி வருமென்று குளிசையைத் தவிர்ப்பது வழக்கமாகிவிட்டது. அப்படிப் போனால் வைத்தியர் காண்பது மருந்தில்லாத உடம்பை, அதைப் பார்த்து அளவைக் கூட்டி எழுதக்கூடும். வழமையான நேரத்துக்கே போட்டுக்கொண்டு, அடுத்த வேளைக் குளிசையையும் தண்ணீர்ப் போத்தலையும் நாலு பிஸ்கற்றையும் கையில் வைத்திருங்கள். போட்ட நேரத்தை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

புரைக்கேறாமல் சாப்பிடுவது

நோய் வளர வளரத் தொண்டைத் தசையும் மந்தமாகும். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரப்பது, அடிக்கடி சளிக் காய்ச்சல் வருவது ஆகியவை சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் இறங்குவதன் அடையாளம். சிலருக்கு இருமலே வராது, சத்தமில்லாமல் இறங்கும். பார்க்கின்சனில் உயிரைக் கொண்டுபோகும் முக்கிய காரணங்களில் நெஞ்சுச் சளி ஒன்று.

நம் சாப்பாட்டில் எது ஆபத்து என்பது பலர் நினைப்பதற்கு நேர்மாறானது. ‘தண்ணியாய்க் குடுத்தால் லேசு’ என்பார்கள். தண்ணீர்தான் தொண்டையில் வேகமாக ஓடும், மந்தமான தசைக்கு அதைப் பிடிக்க நேரம் போதாது. அதைவிட மோசம், ஒரே வாயில் தண்ணியும் கட்டியும் கலந்து வருவது. சொதியில் மிதக்கும் இடியப்பத் துண்டு, இரசம் விட்ட உதிரிச் சோறு இந்த வகை. ஒடியல் கூழ் இதன் உச்சம்: தண்ணிக் கூழுக்குள் மீன்முள், நண்டுக் கோது, பலாக்கொட்டை, பயற்றங்காய். விருப்பமானால் கூழை வடித்து, மரக்கறியையும் முள் நீக்கிய மீனையும் மசித்துத் தனியாகக் கொடுக்கலாம். பிட்டு இன்னொரு ஆபத்து. உதிர்ந்த மா தொண்டையில் தூளாகப் பரவும். நன்றாகக் கனிந்த மாம்பழமோ வாழைப்பழமோ சேர்த்துப் பிசைந்து உருண்டையாகும்படி கொடுத்தால் விழுங்கலாம். சோற்றைக் குழைய வைத்துக் கட்டிப் பருப்போடு பிசைவது இரவுக்கு நல்லது. குரக்கன் கூழைக் கரண்டியிலிருந்து மெதுவாக வழியும் பதத்தில் காய்ச்சினால் பலருக்கு இலகு.

நேராக நிமிர்ந்து, கால் நிலத்தில் படும்படி இருந்து சாப்பிட வேண்டும். பாயில் சாய்ந்தபடி வேண்டாம். நாடியைச் சற்று நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்குவது சிலருக்கு உதவும், எல்லாருக்கும் அல்ல. பேச்சு சிகிச்சையாளர் பார்த்துச் சொன்னால் நல்லது. ஒரு வாய் விழுங்கி முடிந்தபின் அடுத்தது. ரீவியை நிற்பாட்டுங்கள். சாப்பிட்டு அரை மணித்தியாலம் படுக்கவிடாதீர்கள். குளிசை ஏறியிருக்கும் நேரத்தில் சாப்பிட்டால் விழுங்குவதும் இலகு. சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன் குளிசை என்ற விதிக்கு இது இன்னொரு காரணம். குளிசையே தொண்டையில் நிற்கிறதென்றால், வழக்கமான வகையை மட்டும் தூளாக்கி ஒரு கரண்டி மசித்த பப்பாசியில் கொடுக்கலாம். தயிரில் கொடுக்கக்கூடாது.

மலச்சிக்கலும் தலைச்சுற்றும்

மலச்சிக்கல் பலருக்கு நடுக்கம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துவிடும். குடலின் நரம்புகளையும் நோய் தொடுகிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் குளிசையின் வேலையும் குழம்பும். நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து, ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் தண்ணீர் என்பது இலக்கு. தவிடு நீக்காத சிவப்பரிசி, குரக்கன், தினமும் இரண்டு பழம், ஒரு கீரை. பப்பாசியும் விளாம்பழமும் கிடைக்கும் ஊரில் இது கஷ்டமில்லை. இசப்கோல் உமி பயன்படுத்துகிறவர்கள் ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு முழுத் தம்ளர் தண்ணீராவது குடிக்க வேண்டும். தண்ணீர் போதாவிட்டால் உமி குடலில் களிபோல் இறுகி அடைத்துவிடும். விழுங்கக் கஷ்டப்படுகிறவருக்கு உமி வேண்டவே வேண்டாம்.

2016இல் இத்தாலியில் 120 நோயாளிகளிடம் நான்கு கிழமை நடந்த ஆய்வொன்றில், பல வகை நன்மை நுண்ணுயிரும் நார்ச்சத்தும் சேர்த்துப் புளிக்கவைத்த பால் மலச்சிக்கலைக் குறைத்தது. நம் தயிர் அதே பொருளல்ல. இருந்தாலும் இரவுக் கோப்பையில் தயிருக்கு இடம் கொடுக்க இது இன்னொரு காரணம்.

எழும்பி நின்றதும் கண் இருட்டுகிறதென்றால் இரத்த அழுத்தம் விழுகிறது. நோயும் செய்யும், குளிசையும் செய்யும், பங்குனி தொடக்கம் வன்னி வெயிலும் செய்யும். வயிறு நிறையச் சோறு சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் இது மோசமாகும். மூன்று பெரிய சாப்பாட்டை ஐந்து சிறியதாக்குங்கள். எழும்புவதற்குப் பத்து நிமிடம் முன் இரண்டு தம்ளர் தண்ணீரை விரைவாகக் குடித்தால் ஒரு மணித்தியாலம் வரை அழுத்தம் தாங்கும். இருதயம், சிறுநீரகம், விழுங்கும் கஷ்டம் எதுவும் இல்லாதவருக்கு மட்டும் இது. உப்பைக் கூட்டுவது வைத்தியர் சொன்னால்தான். கள்ளு அழுத்தத்தை இன்னும் இறக்கும்.

றொறன்ரோவிலிருந்து வரும் போத்தல்கள்

வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் பொதியில் சொக்லேற்றுக்குப் பக்கத்தில் ஒரு போத்தல் இருக்கும்: கோ என்சைம் கியூ10, விற்றமின் ஈ, மீனெண்ணெய். அன்பு பெரியது, காசும் பெரியது. ஆனால் இவற்றில் முக்கியமானவற்றை அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரிய அளவில் சோதித்து முடித்துவிட்டார்கள். விற்றமின் ஈயை 800 பேர் கொண்ட ஆய்வில் தினமும் 2000 அலகு வீதம் கொடுத்துப் பார்த்தார்கள். 1993இல் வந்த முடிவு, பயனில்லை. கோ என்சைம் கியூ10ஐ 600 பேரிடம் 1200, 2400 மில்லிகிராம் அளவுகளில் சோதித்தார்கள். பயன் தெரியவில்லை என்று இடையில் நிறுத்தினார்கள், முடிவு 2014இல் வெளியானது. கிரியட்டின் என்ற சத்துப்பொருளை 1741 பேரிடம் தினமும் 10 கிராம் வீதம் கொடுத்தார்கள், 2015இல் அதே பதில். நோயை நிறுத்தும் சத்துக் குளிசை இன்றுவரை ஒன்றுமில்லை. முல்லைத்தீவுக் கரையில் இறங்கும் சூடையும் சாளையும் கிழமைக்கு இரண்டு இரவு கோப்பையில் இருந்தால் மீனெண்ணெய்க் காசு மிச்சம்.

பொதியில் வரும் பலவிற்றமின் குளிசைதான் உண்மையில் குழப்பம் தருவது. பலவற்றில் இரும்பு இருக்கும். லேபிளில் ‘அயர்ன்’ என்ற சொல்லைத் தேடுங்கள். இரும்பு குடலில் லெவோடோபாவோடு ஒட்டிப் பிணைந்து இரண்டையும் உறிஞ்ச விடாமல் செய்யும். ஆஸ்பத்திரியில் இரத்தச்சோகைக்குக் கொடுக்கும் இரும்புக் குளிசைக்கும் திரிபோஷவில் சேர்க்கும் இரும்புக்கும் இதே விதி. குறைந்தது இரண்டு மணித்தியால இடைவெளி விடுங்கள். இரும்பை நிற்பாட்ட வேண்டாம், படுக்கைக்கு முன் தள்ளிவிட்டால் போதும்.

குறை இருந்தால் கட்டாயம் ஈடுசெய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று விற்றமின் பி12. லெவோடோபாவை உடம்பு கையாளும்போது ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் கூடுகிறது, அதை அடக்க பி12உம் ஃபோலேற்றும் வேண்டும். நீரிழிவுக்கு மெட்ஃபோமின் எடுப்பவருக்கு பி12 குறையும். மச்சம், பால் இரண்டையும் விட்டவருக்கும் குறையும். மூன்றும் ஒருவரிடமே இருப்பது நம் ஊரில் சாதாரணம். பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது என்றால் பார்க்கின்சன் என்று விட்டுவிடாமல் இரத்தத்தில் பி12 பாருங்கள். மற்றது விற்றமின் டி. இத்தனை வெயில் உள்ள மண்ணில் குறையுமா என்று கேட்கலாம். வீட்டுக்குள் கட்டிலோடு இருக்கிறவருக்கு வெயில் ஏது? விழுந்தால் எலும்பு முறியும் உடம்புக்கு நாளொன்றுக்கு 800 முதல் 1000 அலகு வரை வைத்தியர்கள் கொடுப்பார்கள். இந்தியாவிலிருந்து வரும் 60,000 அலகு வில்லை கிழமைக்கு ஒன்று எடுப்பதற்கானது. அதைத் தினமும் போட்டு இரத்தத்தில் கல்சியம் ஏறி மயங்கி விழுவது தவிர்க்கக்கூடிய விபத்து.

நாட்டு மருந்தில் பூனைக்காலி உண்மையான சரக்கு. அதன் விதையில் 3 முதல் 6 சதவீதம் வரை லெவோடோபா இருக்கிறது. 2004இல் லண்டனில் எட்டு நோயாளிகளிடம் நடந்த சோதனையில் 30 கிராம் பூனைக்காலி மருந்து, குளிசையைவிட வேகமாக ஏறியது: 69 நிமிடத்துக்குப் பதில் 35. அந்த உண்மையில்தான் ஆபத்தும் இருக்கிறது. கடைத் தூளில் ஒரு தேக்கரண்டியில் 150 மில்லிகிராம் இருக்கிறதா 300 இருக்கிறதா என்று தூளைப் பார்த்துச் சொல்ல முடியாது. தனியாக எடுத்தால் காவல்காரன் இல்லாததால் பெரும்பகுதி வீணாகிக் குமட்டல் தரும். அதோடு விற்றமின் பி6 உள்ள குளிசையும் எடுத்தால் இன்னும் வீணாகும். கிளினிக் குளிசையோடு சேர்த்து எடுத்தாலோ, குளிசையிலுள்ள கார்பிடோபா பூனைக்காலியின் லெவோடோபாவையும் காத்து மூளைக்கு அனுப்பும். அளவு திடீரென்று ஏறும். கைகால் ஆட்டம், அழுத்தம் விழுதல், இல்லாத ஆட்களைக் காண்பது எல்லாம் வரும். எடுக்கிறீர்கள் என்றால் வைத்தியரிடம் மறைக்காதீர்கள். ஏசுவார் என்ற பயத்தில் மறைப்பதால்தான் அளவுக் கணக்கு பிழைக்கிறது.

சர்ப்பகந்தா சேர்ந்த அழுத்த மருந்தும் நித்திரை மருந்தும் நேர் எதிர். அந்த வேரிலுள்ளது ரெசர்பின், கார்ல்சனின் முயல்களை அசையாமல் கிடத்திய அதே பொருள். பார்க்கின்சன் உள்ளவர் தொடவே கூடாது. ‘வயல் மருந்து நஞ்சு உடம்பில் இருக்கு, இறக்கித் தாறன்’ என்று விற்கும் பஸ்பங்களையும் நம்பாதீர்கள். கிரமோக்சோன் என்று அடித்த பரகுவாட்டுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன, இலங்கையில் அதைத் தடையும் செய்துவிட்டார்கள். ஆனால் அழிந்த மூளைக் கலத்தை எந்தப் பஸ்பமும் திருப்பித் தராது. ஈயமும் பாதரசமும் உள்ள பஸ்பம் இருக்கிற சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

விரதமும் வார்ட்டும்

கந்தசஷ்டிக்குச் சாப்பாட்டை விடலாம், குளிசையை விடக்கூடாது. தண்ணீரையும் விடக்கூடாது. லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் இறுக்கமும் மயக்கமுமாக உயிராபத்தான நிலை வரலாம். வெறும் வயிற்றில் மருந்து வழமையைவிட வேகமாக ஏறும் என்பதால், விரத நாளில் தலைச்சுற்றையும் கைகால் ஆட்டத்தையும் கவனித்திருக்க ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும்.

வேறு ஏதாவது நோய்க்கு வார்ட்டில் நிற்க வேண்டி வந்தால், அங்கே குளிசை வருவது வார்ட் சாப்பாட்டு நேரத்தோடு. வீட்டு அட்டவணையைத் தெளிவாக எழுதி, அனுமதிக்கும்போதே தாதியிடம் கொடுத்து, கட்டில் சீட்டில் குறிக்கச் சொல்லுங்கள். சத்திரசிகிச்சைக்கு வெறும் வயிறு என்று சொன்னாலும் காலைக் குளிசையை ஒரு மிடறு தண்ணீரோடு போடலாமா என்று மயக்க மருந்து வைத்தியரிடம் முதல் நாளே கேளுங்கள். பெரும்பாலும் போடச் சொல்வார். கேட்காவிட்டால் ‘ஒன்றும் வாயில் வைக்கக்கூடாது’ என்ற பொதுக் கட்டளைக்குள் குளிசையும் அடங்கிப் போகும்.